கிளிஞ்சலும் ஈயக்குண்டும்

பொருட்களின் வகைகளைச் சொல்லும் பாடம் எந்தக் காலத்துப் புத்தகத்திலும் ஒரே வரிசையில்தான் வரும். முதலில் தனிமம்: இரும்பு, தங்கம், ஆக்சிஜன். அடுத்து சேர்மம்: தண்ணீர், சாப்பாட்டு உப்பு. கடைசியில் கலவை: காற்று, மண், கடல்நீர். நடுவில் கோடு போட்ட ஓர் அட்டவணை. தேர்வில் அதிலிருந்து ஐந்து மதிப்பெண் நிச்சயம் என்பதால் பிள்ளைகள் அதை நெட்டுரு போட்டுவிடுவார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரைப் பள்ளி ஒன்றில் இந்தப் பாடத்தை நான் பல வருஷம் நடத்தினேன். ஆரம்ப வருஷம் தவிர, மற்ற வருஷங்களில் வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டேன். கலவையில் தொடங்கி, சேர்மத்துக்குப் போய், தனிமத்தில் முடிப்பது. பாடக்குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியர், "என்னம்மா, அரபிப் பாடம் மாதிரி பின்னாலிருந்து ஆரம்பிக்கிறீங்க?" என்று சிரித்தார். மறுப்பேதும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் காரணம் ஒரு கண்ணாடிப் புட்டி. ஆய்வுக்கூடம் என்று பெயர் சொல்ல எங்களிடம் இருந்தது ஒரு மர பீரோதான். அதில் 'இரும்புத்தூள்' என்று லேபிள் ஒட்டிய புட்டி ஒன்று. கலவைக்கும் சேர்மத்துக்கும் வித்தியாசம் காட்ட இரும்புத்தூளும் கந்தகமும்தான் புத்தகம் சொல்லும் சோதனை. இரண்டையும் சும்மா கலந்து வைத்தால் காந்தம் இரும்பைத் தனியே இழுத்துக்கொள்ளும். ஏழுக்கு நாலு என்ற எடையில் சேர்த்துச் சுட்டால் இரும்பு சல்ஃபைடு என்ற கறுப்புக் கட்டி கிடைக்கும்; அதிலிருந்து காந்தத்தால் இரும்பைப் பிரிக்க முடியாது. நல்ல சோதனை. ஆனால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல் என்று இருக்கிற ஊரில் இரும்புத்தூள் எத்தனை காலம் இரும்பாகவே இருக்கும்? உப்புக்காற்று மூடியைத் தாண்டி உள்ளே போய், தூள் முழுக்கச் செம்பழுப்புக் கட்டியாக இறுகிக் கிடந்தது. காந்தத்தை நீட்டினேன். ஏதோ கடமைக்கு நாலைந்து துணுக்குகள் ஒட்டின.

"துருப்பிடிச்சிருச்சு டீச்சர், எங்க நங்கூரம் கணக்கா" என்றான் மூன்றாம் பெஞ்சுப் பையன். சேர்மம் உண்டாவதைக் காட்டத்தான் அந்தச் சோதனை. நான் வகுப்புக்கு வருவதற்கு முன்பே புட்டி அதைச் செய்து முடித்திருந்தது. அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஊரில் கிடைப்பதை வைத்தே இந்தப் பாடத்தை நடத்த முடியுமா என்று யோசிக்கத் தொடங்கினேன்.

வகுப்பில் பெரும்பாலோர் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் பிள்ளைகள். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதைக் குலுக்கிப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை அவர்கள் வீட்டு வழக்கம். நானோ பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். ஏரியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது. அதனால் முதல் கேள்வியையே அவர்களிடம் கேட்டேன்: ஏரித் தண்ணியில் உப்பு எவ்வளவு இருக்கும்?

பதில் வரவில்லை. கேள்வி வந்தது. "எந்த மாசத்துல டீச்சர்?" அதற்குள் இன்னொருத்தி, "எந்தப் பக்கத்துல?" என்றாள்.

கலவை என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சரியான விடையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. பழவேற்காடு ஏரி இந்தியாவில் சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு ஓரம்தான் நம்முடையது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே ஏறி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் ஆற்று வாய்ப் பக்கம் தண்ணீர் உப்பே இல்லாத மாதிரி இருக்கும். சித்திரை, வைகாசியில் மழை கிடையாது, ஆறு கிடையாது, வெயில் மட்டும் உண்டு. சில வருஷம் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். அப்போது ஏரி கடலைவிடக் கரிக்கும். கடலில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அது அவ்வளவாக மாறாது. ஏரிக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. தண்ணீரின் ருசி மாறினால் இறால் குஞ்சு உள்ளே வருவதும் போவதும் மாறும் என்பதால், அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் படகில் உட்கார்ந்தபடியே ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துத் துப்புவார்கள். அந்த நாக்குக்கு அன்றைய வருமானம் தெரியும்.

சொன்னதைக் கண்ணால் காட்ட ஒரு சோதனைக் குழாய் போதும். அடியில் கொஞ்சம் மணல் போட்டு, செங்குத்தாக மிதக்கும்படி செய்து, உள்ளே ஒரு சீட்டைச் சுருட்டிச் செருகி, தண்ணீர் மட்டம் வரும் இடத்தில் பேனாவால் கோடு. குடிக்கிற தண்ணீரில் ஒரு கோடு. ஏரித் தண்ணீரில் குழாய் கொஞ்சம் மேலே எழும். அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை கோடு போட்டு வந்தபோது அந்தச் சீட்டு ஏரியின் நாட்காட்டி ஆகிவிட்டது. கார்த்திகைக் கோடு கிட்டத்தட்ட நல்ல தண்ணீர்க் கோட்டோடு ஒட்டி நின்றது. பங்குனிக் கோடு எங்கேயோ தள்ளி.

கோடையில் ஏரித் தண்ணீரைத் தட்டில் ஊற்றி மொட்டைமாடியில் வைத்தோம். ஆவியாக்கி உப்பெடுக்கும் சோதனை எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். ஆனால் அங்கெல்லாம் கடையில் வாங்கிய உப்பைத் தண்ணீரில் கரைத்து, அதே உப்பைத் திரும்ப எடுப்பார்கள். எங்கள் தட்டில் வெள்ளையாகப் படிந்ததைச் சுரண்டி ஒரு பெண் நாக்கில் வைத்தாள், முகம் கோணியது. "உப்பு இல்ல டீச்சர், கசக்குது." மறுநாள் காலையில் பார்த்தால் உலர்ந்து கிடந்த உப்பு ஈரமாகக் கசிந்திருந்தது.

இங்கேதான் பாடம் ஓர் அடி உள்ளே போனது. கடல்நீரில் இருப்பது ஓர் உப்பு அல்ல. கரைந்திருப்பதில் முக்காலுக்குச் சற்று மேல்தான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு. மற்றதெல்லாம் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள். தண்ணீர் சுண்டச் சுண்ட இவை ஒவ்வொன்றாக இறங்கும். ஜிப்சம் முதலிலேயே படிந்துவிடும். கடல்நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் சாப்பாட்டு உப்பு விளையத் தொடங்கும். மக்னீசிய உப்புகள் கடைசிவரை தண்ணீரை விட்டு இறங்காது. கசப்பும், காற்றிலிருந்து ஈரம் இழுக்கிற குணமும் அவற்றுடையவை. அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்த சித்தி ஒருத்தி வகுப்பில் ஒரு பெண்ணுக்கு இருந்தாள். உப்பு விளைந்ததும் மேலே நிற்கும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் வாருவார்கள் என்று அவள் விசாரித்து வந்து சொன்னாள். நாங்கள் வடிக்காமல் கடைசிச் சொட்டுவரை காய விட்டிருந்தோம். ஏரித் தண்ணீர் என்ற கலவையைப் பிரித்தால் கிடைத்தது இன்னொரு கலவை. எங்கே போய் நிற்பது? அந்தக் கேள்வியைக் கேட்காமல் தனிமம் என்று பேச ஆரம்பிப்பது காற்றில் கோட்டை கட்டுவதுதான்.

கரைசல், தொங்கல், கூழ்மம் என்ற பிரிவுக்கு அதிகம் மெனக்கெடவில்லை. மழைக்காலத்தில் ஆரணி ஆறு கொண்டுவரும் செம்மண் தண்ணீர் குடத்தின் அடியில் தங்கிவிடும், அது தொங்கல். மார்கழிப் பனியில் லைட் ஹவுஸ் குப்பத்துக் கலங்கரை விளக்கின் வெளிச்சம் கம்பாக நீண்டு சுற்றுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காற்று சுத்தமாக இருக்கும் ராத்திரியில் அந்தக் கம்பு தெரியாது. விளக்கு மட்டும் தெரியும். பனித்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் பாதை தெரிகிறது. அந்தப் பனி கூழ்மம், ஒளி இப்படிச் சிதறுவதற்கு டிண்டால் விளைவு என்று பெயர், எழுதிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகளிடம் கோட்டை எங்கே என்று கேட்டால் புதர் மண்டிய மேட்டைக் காட்டுவார்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை அது. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சு வியாபாரத்துக்கு இதுதான் தலைமையிடம். துணி வியாபாரத்தைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் வரும். வராத விஷயம், இங்கே அவர்கள் வெடிமருந்தும் அரைத்துக் கப்பலேற்றினார்கள் என்பது. அதை நான் வேதியியல் வகுப்புக்கு எடுத்துக்கொண்டேன்.

கருமருந்து என்று நம் ஊரில் சொல்லும் அந்தப் பழைய வெடிமருந்து மூன்று பொருட்களின் கலவை. நூறு பங்கில் ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கந்தகம் தனிமம். கரி பெரும்பாலும் கார்பன், அதுவும் தனிமம். வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட், சேர்மம். மூன்றையும் எத்தனை நாள் சேர்த்து அரைத்தாலும் ஒன்றோடொன்று சேராது. தண்ணீர் ஊற்றினால் வெடியுப்பு மட்டும் கரைந்து வந்துவிடும். வடிகட்டிக் காய்ச்சினால் ஊசி ஊசியாகத் திரும்பக் கிடைக்கும். கந்தகத்தைக் கார்பன் டைசல்ஃபைடில் கரைத்து எடுத்துவிடலாம். கரி தனியாக மிஞ்சும். போட்டதை எல்லாம் போட்டபடி திரும்ப எடுக்கலாம். அப்படி எடுக்க முடிவது தீ படும்வரைதான். பட்ட நொடியில் மூன்றும் போய், வேறு வேறு சேர்மங்களும் நைட்ரஜன் வாயுவும்தான் மிஞ்சுகின்றன. அந்தப் புகையைப் பிடித்து வைத்தாலும் அதிலிருந்து கந்தகத்தைப் பொறுக்கி எடுக்க முடியாது.

தனிமம் என்பதற்கு இன்றைய பொருளை நெருங்கிய ஒரு விளக்கத்தை ராபர்ட் பாயில் லண்டனில் அச்சிட்டது 1661-ல். அந்த வருஷம் இந்தக் கோட்டையில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. மருந்து சரியாக வெடித்தது. வேதியியல் தெரியாமலே ஆட்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதில் எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம் உண்டு, கொஞ்சம் பயமும்.

சேர்மத்துக்கு வருகிறேன். கலவையைப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். சேர்மம் பிடிபடவில்லை. "தண்ணியில ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கு" என்று சொன்னால், ஏரியில் உப்பு இருப்பது மாதிரி என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஏதோ கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கிறது, வடிகட்டி எடுத்துவிடலாம் என்று. அந்த இரண்டு 'இருக்கு'களும் ஒன்றல்ல என்பதை வாயால் சொல்லிப் பயனில்லை.

அப்போது அந்தப் பக்கத்தில் கிளிஞ்சல் சுடும் காளவாய் இருந்தது. ஏரியில் செத்த மட்டியும் சிப்பியும் அள்ளி வந்து, கரியும் கிளிஞ்சலுமாக அடுக்கடுக்காகப் போட்டு, ராத்திரி முழுக்க எரியவிட்டுச் சுண்ணாம்பு எடுப்பார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க, வெற்றிலைக்கு, கட்டட வேலைக்கு எல்லாம் போகும். சென்னையின் பழைய மாளிகைகளில் பளிங்கு மாதிரி மின்னும் சுவர்ப்பூச்சு இந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் செய்ததுதான். காளவாயைப் பார்த்துக்கொண்டது ஒரு வயதான அம்மா. கையெல்லாம் வெடிப்பு. பிள்ளைகள் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"ஆயா, நூறு கிலோ கிளிஞ்சல் போட்டா எவ்ளோ சுண்ணாம்பு வரும்?"

"பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்கும் டீச்சரம்மா. மிச்சம் நெருப்போட போயிடும்."

"எப்பவுமே அவ்ளோதானா?"

"நல்லா வெந்தா அவ்ளோதான். அதுக்குக் கீழ போவாது. மேல இருந்தா வேவலைன்னு அர்த்தம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மாறாத எடை விகிதம் என்று நான் கரும்பலகையில் எழுதப்போவதை அவர் காளவாய் ஓரத்தில் நின்று சொல்லிவிட்டார். அதுவும் கூடுதலாக ஒரு விஷயத்தோடு: அளவு தப்பினால் விதி தப்பவில்லை, வேலை முடியவில்லை என்று பொருள்.

பிள்ளைகள் நம்பவில்லை. ஏரி மட்டி மெல்லிசு, கடல் சிப்பி தடிப்பு; இரண்டும் ஒரே மாதிரியா குறையும் என்று வகுப்பில் சண்டை. ஒரு கட்சி தடித்த சிப்பி குறைவாகத்தான் குறையும் என்றது. சரி, பார்த்துவிடுவோம் என்று இரண்டையும் கழுவிக் காயவைத்து, பள்ளித் தராசில் நூறு நூறு கிராம் நிறுத்து, மூடியில் ஓட்டை போட்ட இரண்டு மண்கலயங்களில் வைத்துக் கொடுத்தோம். ஒன்றில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள். எரிந்து வந்தால் அடையாளம் போய்விடும் என்று ஒருவன் சொல்ல, ஆணியால் கீறிவிட்டார்கள். ஆயா காளவாயின் நடுப்பகுதியில் வைத்தார். ஓரத்தில் வைத்தால் வேகாதாம்.

ஆறிய பிறகு திறந்தோம். சிப்பிகள் வடிவம் குலையாமல், வரி வரியாக அப்படியே இருந்தன. ஆனால் நிறம் வெள்ளைவெளேர். எடுத்தால் பஞ்சாகக் கையில் நிற்கிறது. ஆயா ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார், மாவாக உதிர்ந்தது. "வெந்துட்டுது" என்றார். ஈரக்கையால் தொடக்கூடாது என்று பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, துணியில் எடுத்துத் தராசில் வைத்தோம். ஏரி மட்டி நூறு கிராம் அறுபதுக்குச் சற்றுக் குறைவாக வந்திருந்தது. கடல் சிப்பியும் அதே. தராசு முள் நின்ற இடத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. தடித்த சிப்பிக் கட்சி, தராசை மாற்றி வைக்கச் சொன்னது. மாற்றியும் வைத்தோம்.

சுத்தமான கால்சியம் கார்பனேட் நூறு கிராம் சுட்டால் 56 கிராம் சுண்ணாம்பு, 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு. ஏரியில் பொறுக்கினாலும், கடலில் பொறுக்கினாலும், விருதுநகர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லாகத் தோண்டினாலும் இதுதான். ஏரித் தண்ணீருக்கு மாதத்துக்கு ஒரு கோடு போட்ட அதே பிள்ளைகள், கிளிஞ்சலுக்கு அப்படி ஒரு சீட்டே தேவையில்லை என்பதைப் பார்த்தார்கள். கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒன்றுக்குச் சீட்டு தேவைப்பட்டதிலும் மற்றதற்குத் தேவைப்படாததிலும் இருந்தது.

இதே சண்டை ஐரோப்பாவிலும் நடந்தது. ஸ்பெயினில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் ப்ரூஸ்த், சுரங்கத்தில் கிடைத்த செம்பு கார்பனேட்டையும் ஆய்வுக்கூடத்தில் தான் செய்த செம்பு கார்பனேட்டையும் சோதித்து, இரண்டிலும் விகிதம் ஒன்றே என்று 1799-ல் சொன்னார். இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தொலே ஒப்புக்கொள்ளவில்லை, சேரும் அளவு சூழ்நிலைக்குத் தக்கபடி மாறலாம் என்றார். பல வருஷம் மரியாதை குறையாமல் எழுதி எழுதிச் சண்டை போட்டார்கள். எங்கள் வகுப்பில் அவ்வளவு மரியாதை இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

சுட்ட சிப்பியில் தண்ணீர் தெளித்ததும் சீறிக்கொண்டு, வெடித்து, ஆவி பறக்க நீறியது. அதைக் கலக்கித் தெளியவைத்து, மேலே நின்ற தெளிந்த நீரை ஒரு டம்ளரில் எடுத்தோம். பப்பாளித் தண்டுக் குழலால் ஒரு பெண் மெதுவாக ஊதினாள். உறிஞ்சாதே, ஊது என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்த நீர் பால் ஆனது. எல்லாப் பள்ளியிலும் செய்வதுதான் இதுவும். மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதைக் காட்ட. நான் அதை வேறு காரணத்துக்காகச் செய்தேன். அந்த வெள்ளையை அடியில் படியவிட்டு, "இது என்ன?" என்று கேட்டேன். சுண்ணாம்பு என்றார்கள். இல்லை, கிளிஞ்சல் என்றேன். காளவாயில் போன 44 பங்கு வாயு, அந்தப் பெண்ணின் மூச்சிலிருந்து திரும்ப வந்து சேர்ந்துவிட்டது. வெள்ளையடித்த சுவர் நாளாக நாளாக இறுகுவதும் இதனால்தான். காற்றில் இருக்கும் அதே வாயுவைக் குடித்துக் குடித்துச் சுண்ணாம்பு மறுபடி கிளிஞ்சல் ஆகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர்கள் எல்லாம் அப்படிப் பார்த்தால் சிப்பிதான்.

கடைசியில் தனிமம். புத்தகம் முதலில் சொல்லும் தனிமம் சரித்திரத்தில் கடைசியாகத்தான் பிடிபட்டது. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1789-ல் 33 எளிய பொருட்களின் பட்டியல் போட்டார். அதில் ஒளி இருந்தது, வெப்பம் இருந்தது, சுண்ணாம்பும் இருந்தது. சுண்ணாம்பை அவர் காலத்து எந்த நெருப்பாலும் அதற்கு மேல் பிரிக்க முடியவில்லை. அதனால் பட்டியலில் வைத்தார். பிற்காலத்தில் பிரியலாம் என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. 1808-ல் ஆங்கிலேய வேதியியலாளர் டேவி மின்சாரத்தைப் பாய்ச்சி அதற்குள்ளிருந்து கால்சியம் என்ற உலோகத்தை எடுத்தார். லவாய்சியே கில்லட்டினில் இறந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. பிரித்துப் பிரித்துப் போய், இதற்குமேல் முடியவில்லை என்று நிற்கும் இடம் தனிமம். அந்த நடையை நடக்காத பிள்ளைக்குப் பட்டியலை மட்டும் கொடுத்தால் அது தொலைபேசிப் புத்தகம்.

வீட்டில் உள்ள தனிமங்களை எழுதி வாருங்கள் என்றேன். தங்க மூக்குத்தி என்று பெண்கள் எழுதியிருந்தார்கள். 22 காரட் என்றால் இருபத்துநாலில் இரண்டு பங்கு வேறு உலோகம், கலவை. எவர்சில்வர் டம்ளர், அதில் வெள்ளி ஒரு பொட்டுகூடக் கிடையாது, இரும்பும் குரோமியமும்தான் முக்கால்வாசிக்கு மேல். பித்தளைக் குத்துவிளக்கு, செம்பும் துத்தநாகமும். காற்று, தண்ணீர் என்று ஒருவன் எழுதி, பஞ்சபூதம் என்று அடைப்பில் விளக்கமும் கொடுத்திருந்தான். அவனைத் திட்ட மனம் வரவில்லை. 1780-கள் வரைக்கும் ஐரோப்பாவிலும் தண்ணீரைத் தனிமம் என்றுதான் நினைத்தார்கள். மின்கம்பியின் செம்பு தேறியது. ஒருவன் எழுதியிருந்த ஈயக்குண்டு தேறியது.

வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டை அந்த வீடுகளில் தாங்களே வார்த்துக்கொள்வார்கள். பழைய குண்டுகளை இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினால் போதும். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், விறகடுப்பே தாராளம். எழுதிய பையனிடம், ஈயம் தனிமம்தான் என்று எப்படிச் சொல்கிறாய் என்றேன். "உருக்குனாலும் ஈயந்தான், தட்டுனாலும் ஈயந்தான், வெட்டுனாலும் ஈயந்தான் டீச்சர். வேற ஒண்ணும் வராது." நல்ல வாதம். ஆனால் பக்கத்துப் பையன் விடவில்லை. "வராதா? உருக்கும்போது மேல கசடு வருதே. ஒவ்வொரு தபாவும் வருது. அப்ப ஈயத்துக்குள்ள அழுக்கு கலந்திருக்குது. அது கலவைதான்."

வகுப்பு அவன் பக்கம் சாய்ந்தது. பார்த்தால் அப்படித்தான் தெரியும். கசடை வழித்தால் பளபளவென்று ஈயம். சற்று நேரத்தில் மறுபடி கசடு. எத்தனை தடவை உருக்கினாலும் தீராத அழுக்கு. ஐரோப்பாவில் பெரிய பெரிய ஆட்களே இப்படித்தான் நினைத்தார்கள்: உலோகம் சுடும்போது உள்ளிருந்து ஏதோ வெளியேறி, மிஞ்சுவதுதான் அந்தப் பொடி என்று. வெளியேறினால் எடை குறைய வேண்டும். குறையவில்லை, கூடியது. தகரத்தையும் ஈயத்தையும் மூடிய குடுவைக்குள் சுட்டுப் பார்த்த லவாய்சியே, குடுவையின் மொத்த எடை மாறவில்லை, திறந்ததும் காற்று உள்ளே பாய்கிறது என்று கண்டார். உலோகத்திலிருந்து எதுவும் வெளியே போகவில்லை. காற்றின் ஒரு பகுதி உலோகத்தோடு சேர்ந்திருக்கிறது. கசடு ஈயத்தின் அழுக்கு அல்ல, ஈயமும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். மூடி வைத்து உருக்கினால் கசடு குறையும் என்று சொன்னேன். அந்தப் பையன் வீட்டில் செய்து பார்த்துவிட்டு வந்து, "கொறையுது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். தோற்றுப்போனதில் அவனுக்கு வருத்தம்.

எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. எங்கே வைத்து உருக்கினாய் என்று கேட்டேன். சமையல் அடுப்பில், பால் காய்ச்சும் ஓலைக்குடிசைக்குள், தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்க. அந்தக் கசடும் புகையும் உடம்பில் சேரும். சின்னப் பிள்ளைகளின் மூளையை மெதுவாகக் கெடுக்கும். பாடத்தில் அது இல்லை. அடுத்த வகுப்பு முழுக்க அதையே பேசினேன்: வெளியில், காற்று போகும் பக்கம் பார்த்து, தனிக் கரண்டியில், கை கழுவாமல் சாப்பிடாமல், கசடைக் கோழி கொத்தும் இடத்தில் கொட்டாமல். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள் போலிருக்கிறது. சில நாள் கழித்து ஒருவர் தோளில் வலையோடு பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"நீங்கதான அடுப்ப வெளிய வெக்கச் சொன்ன டீச்சரம்மா?"

ஆமாம் என்றேன்.

"வெளிய வெச்சா காத்துல அடுப்பு நிக்க மாட்டேங்குது. அதுக்கு இன்னா வழின்னும் சொல்லிட்டுப் போங்க."

பள்ளிக்குப் பின்னால் உடைந்து கிடந்த செங்கற்களைக் காட்டி, மூன்று பக்கம் அடுக்கினால் போதும் என்றேன். எட்டுக் கல் எடுத்துப் போனார்.